மொறிஸ் மைனரும் ஒரு கிறீஸ் நிப்பிளும்

கன நாட்களாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட விடயம் இது. தள்ளிப்போட்டதால் வந்த வினையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆகவே இனியும் தள்ளிப்போடுவது அழகில்லை.

போன மாதம் நான் வேலை செய்கிற கராஜுக்கு ஒரு மொறிஸ் மைனர் வந்தது. லண்டனில் இப்போது எப்போதாவதுதான் ஒன்றைக் காணலாம். கடும் பச்சை நிறம், 1962ஆம் ஆண்டுக் கார். கொண்டுவந்தவர் எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர். கொஞ்ச நாளாக ஸ்ரியரிங் பாரமாக இருக்கிறது, முழுக்க வளைத்துத் திருப்பும்போது முன்பக்கம் ஏதோ கிறீச்சிடுகிறது என்றார். எங்கள் கராஜில் உள்ள இளம் பெடியள் கொம்பியூட்டர் வயரைச் செருகிப் பிழை பார்க்கிற ஆட்கள். இந்தக் காரில் செருகுவதற்கு ஓட்டையே இல்லை. ஆகவே "உங்கட காலத்துச் சாமான், நீங்களே பாருங்கோ அண்ணை" என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

ஜக் அடித்துத் தூக்கிவிட்டு இடது முன்சில்லுக்குப் பின்னால் கையை விட்டேன். கீழே இருந்த நிப்பிள் காய்ந்த மண்ணால் மூடிப்போய்க் கிடந்தது. விரலில் கிறீஸ் ஒட்டவில்லை. துரும்புத்தூள்தான் ஒட்டியது. அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் குந்திக்கொண்டு இருந்துவிட்டேன். 1995இல் அதே இடத்தில், அதே இடது பக்கத்தில், அதே மாதிரி ஒரு நிப்பிளை நான் பார்த்திருக்கிறேன்.

அதைச் சொல்வதற்கு முதல் இந்தக் காரின் கதையைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் மொறிஸ் மைனரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. டொக்டர்மார், பிரக்கிராசிமார், பெரிய பள்ளிக்கூடத்து அதிபர்மார் வைத்திருந்த கார். ஒஸ்ரின் ஏ40 என்றால் வாடகைக் கார், கலியாண வீட்டுக் கார். எங்கள் ஆட்கள் அதை 'ஏ போட்டி' என்பார்கள். மைனர் என்றால் குடும்பக் கார். வெளிநாட்டில் இருந்து போகிற இளம் பிள்ளைகள் "ஏன் உங்கட ஊரில இவ்வளவு பழைய கார்?" என்று கேட்பார்கள். எங்களுக்குப் பழமையில் பெரிய காதல் என்று நினைத்துவிடக் கூடாது. 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணி வறண்டுபோக, கார் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்தது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரைக்கும் புதுக்கார் என்பது சாதாரண சனத்துக்கு எட்டாக்கனி. 1950களில் வந்திறங்கிய கார்களையே திருத்தித் திருத்தி ஓடவேண்டிய நிலைமை. அதற்குப் பிறகு வடக்கில் யுத்தம் வந்தது. தெற்கில் ஜப்பான் கார்கள் வந்து குவிந்த காலத்தில், எங்களுக்கு மைனரும் ஏ40யும் கேம்பிறிட்ஜும்தான் மிச்சம்.

இந்த மைனரை வடிவமைத்த ஆளின் பெயர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 1959இல் வந்த மினி காரைச் செய்ததும் அவர்தான். 1969இல் 'சேர்' பட்டம் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டால் ஆங்கிலேயப் பெயர் மாதிரி இல்லையே என்று நான் கன காலம் யோசித்ததுண்டு. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவரும் எங்களைப் போல அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவர்.

1906இல் ஸ்மிர்னா என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். இப்போது துருக்கியில் இஸ்மிர் என்று சொல்கிற ஊர். தகப்பன் கிரேக்க வழிவந்தவர், கப்பல் எஞ்சின் தொழில் செய்தவர், பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர். தாய் ஜேர்மன் வழிக் குடும்பம். 1922 செப்ரெம்பரில் கிரேக்க துருக்கி யுத்தத்தின் முடிவில் ஸ்மிர்னா பற்றி எரிந்தது. பிரித்தானியக் குடியுரிமை இருந்தபடியால் கடற்படைக் கப்பலில் ஏற்றி மால்ராத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். தொழிற்சாலை, வீடு, எல்லாம் விட்டுவிட்டு வந்த குடும்பம். தகப்பன் சுகவீனமாகி, இங்கிலாந்தைக் காணாமலே இறந்துபோனார். தாயும் மகனும் 1923இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். லண்டன் பற்றர்சியில் பொறியியல் படித்தார். கணக்குப் பரீட்சையில் மூன்று தரம் கோட்டைவிட்டவர். கணக்கில் பிள்ளை குறைவாக எடுத்துவிட்டது என்று தலையில் கைவைக்கிற எங்கள் பெற்றோர் இதை ஒருக்கால் கவனிக்க வேண்டும்.

கணக்கு வராவிட்டாலும் அவருடைய மூளை சஸ்பென்சனில் ஓடியது. 1936இல் ஒக்ஸ்போட்டுக்குப் பக்கத்தில் கவுளியில் இருந்த மொறிஸ் கொம்பனியில் சேர்ந்ததே அந்த வேலைக்காகத்தான்.

அந்தக் காலத்துச் சாதாரணக் கார்களில் இரண்டு முன்சில்லையும் ஒரே இரும்பு அச்சு இணைத்திருக்கும். இடது சில்லு குழியில் விழுந்தால் வலது சில்லும் சரியும். வேகம் கூடும்போது இரண்டு சில்லும் சேர்ந்து வெடவெடவென்று ஆடத் தொடங்கும். ஸ்ரியரிங்கைப் பிடித்திருக்கிறவரின் கையே உதறும். ஒவ்வொரு சில்லும் தன்பாட்டில் ஏறி இறங்கினால் இந்த நோய் தீரும் என்பதைப் பலர் கண்டுகொண்டிருந்தார்கள். 1922இல் இத்தாலியில் லான்சியா லம்டா, 1934இல் அமெரிக்காவில் கடிலாக், அதே ஆண்டில் பிரான்சில் சித்ரோவன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் செய்தார்கள். ஆனால் மலிவான சின்னக் காருக்கு இதெல்லாம் எதற்கு என்றுதான் இங்கிலாந்தில் பெரும்பாலான கொம்பனிகள் இருந்தன.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே இசிகோனிஸ் சின்னக் கார் ஒன்றை வரையத் தொடங்கிவிட்டார். கொம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று சொன்னாராம். கடைசி நேரத்தில் இசிகோனிசுக்கே காரின் அகலம் போதாது என்று பட்டது. செய்து வைத்திருந்த காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நடுவில் 4 அங்குலம் விட்டுப் பார்த்து, அதுதான் சரி என்று முடிவெடுத்தார். மைனரின் பொனற்றின் நடுவில் ஒரு தட்டையான பட்டி ஓடும், கவனித்திருப்பீர்கள். அந்த 4 அங்குலம்தான் அது. பம்பர்கள் ஏற்கனவே செய்து முடிந்திருந்தபடியால், ஆரம்பக் கார்களில் பம்பரையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து ஒட்டினார்கள். எங்கள் ஊர் கராஜ்காரர் செய்கிற வேலையை இங்கிலாந்தில் பெரிய கொம்பனியே செய்திருக்கிறது பாருங்கள்.

1948 ஒக்ரோபரில் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுதான்.

இனி விடயத்துக்கு வருவோம். மைனரின் முன்பக்கம் எப்படி வேலை செய்கிறது?

ஸ்ரியரிங்குக்கு றாக் அண்ட் பினியன். ஒரு பல்லுச் சட்டமும் ஒரு சின்னப் பல்லுச் சக்கரமும். ஸ்ரியரிங்கைத் திருப்பினால் சட்டம் இடம் வலமாக நகர்ந்து சில்லைத் திருப்பும். நடுவில் வேறு கைகால்கள் இல்லை. அதனால்தான் மைனரின் ஸ்ரியரிங் கைக்குச் சொன்னபடி கேட்கும். சஸ்பென்சனுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. இரண்டு நீட்டு இரும்புக் கம்பிகள், முன்சில்லுப் பக்கத்தில் இருந்து முன் சீற்றுக்குக் கீழ் வரைக்கும் ஓடும். சில்லு மேலே ஏறும்போது கம்பி முறுகும், பிறகு தன்பாட்டில் விடுபட்டுத் திரும்பும். இதைத்தான் ரோர்சன் பார் என்பது. மேல் கையாக வேலை செய்வது ஸொக் அப்சோபரின் கைதான். ஒரு சாமானில் இரண்டு வேலை. பின்பக்கம் பழைய மாதிரி லீஃப் ஸ்பிரிங்.

சில்லு திரும்ப வேண்டும் என்றால் அது ஒரு நிமிர்ந்த அச்சாணியில் நிற்க வேண்டும். அதைக் கிங் பின் என்போம். மைனரில் அந்தப் பின்னின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் மரை வெட்டியிருக்கும். மரையில் ஒரு இரும்புக் கட்டை பூட்டியிருக்கும். அதன் பெயர் ட்றனியன். என்னுடைய மாமா கீழே இருப்பதைக் 'கீழ்மரை' என்றுதான் சொல்வார். நானும் அப்படியே சொல்கிறேன். காரின் அந்த மூலையின் பாரம் முழுவதும் ரோர்சன் பார், கீழ்க் கை, கீழ்மரை என்று வந்து, அந்த மரைப் பற்களில்தான் தொங்குகிறது. ஸ்ரியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை கொஞ்சம் பூட்டிக் கொஞ்சம் கழரும்.

கிறீஸ் இருக்கும் வரைக்கும் அருமையான ஏற்பாடு. மலிவு, பலம், நீண்ட உழைப்பு. கிறீஸ் இல்லாவிட்டால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய், மரைப் பற்கள் அரம் போட்ட மாதிரித் தேயும். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் பல்லே இல்லாமல் போகும். அப்போது பின் கட்டையை விட்டு உருவிக்கொண்டு வெளியே வரும். சில்லு வெளிப்பக்கம் சரிந்து மட்காட்டுக்குள் மடிய, காரின் மூலை நிலத்தில் குந்தும். இது கூடுதலாக நடப்பது வேகமாக ஓடும்போது அல்ல. மெதுவாகப் போய் ஸ்ரியரிங்கை முழுக்க வளைக்கும்போதுதான் நடக்கும். மரைக்கு அதிக வில்லங்கம் வருவது அந்த நேரத்தில்தான். அதனால் உயிர்கள் தப்பியிருக்கின்றன. மரை கழண்ட கேஸ் என்று ஊரில் ஆட்களைச் சொல்வோமே, மைனருக்கு அது உண்மையிலேயே வரும் நோய்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. சென்னையில் 1961 முதல் செய்த ஸ்ராண்டட் ஹெரால்ட் காரிலும் கீழே இதே மாதிரி ஒரு மரைக்கட்டை இருந்தது. அதற்குக் கிறீஸை விடக் கியர் ஒயில்தான் நல்லது. பார்க்காமல் விட்டால் அங்கேயும் இதே கதைதான். 2014 வரை செய்து தள்ளிய அம்பாசிடரும் மொறிஸ் ஒக்ஸ்போட்டின் பிள்ளை, மைனரின் ஒன்றுவிட்ட சகோதரம். அதே ரோர்சன் பார் வம்சம்.

மாமா, அம்மாவின் தம்பி. கொக்குவிலில் வீட்டோடு ஒரு சின்னக் கராஜ் வைத்திருந்தார். ஓலைக் கொட்டில், ஒரு மாமரம், மரக்கொப்பில் எஞ்சின் தூக்குகிற செயின் புளொக். அவருடைய சொந்தக் கார் 1954ஆம் ஆண்டு மைனர். முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கிற மொடல். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான். அவர் புத்தகம் பார்த்துப் படிப்பித்தவர் அல்ல. ஆனால் அவர் சொல்லித் தந்ததைத்தான் இங்கிலாந்தில் சான்றிதழோடு இன்னொருக்கால் படித்தேன்.

சில்லைத் தூக்கிவிட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டு என்பார். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லு. ஆட்டம் நின்றுவிட்டால் சில்லுப் பெயறிங். பிரேக் மிதித்தும் ஆடினால் கிங் பின் அல்லது கீழ்மரை. பிறகு இரண்டு பக்கமும் பிடித்து இடம் வலமாக ஆட்டு. அதில் ஆட்டம் என்றால் ரை ரொட் முனையோ றாக்கோ. கடைசியாகச் சில்லுக்குக் கீழே அலவாங்கு கொடுத்து மெல்ல நெம்பு. சில்லு மேல்நோக்கி 'டக்' என்று துள்ளினால் மரை தேய்ந்துவிட்டது. அந்தக் காரை அன்றைக்கே ஓட்டாதே.

மூலையில் கைவைத்து அமத்திவிட்டு விடு. ஒருக்கால் எழும்பி அடங்கினால் ஸொக் அப்சோபர் நல்லது. தொட்டில் மாதிரி ஆடினால் உள்ளே எண்ணெய் இல்லை. ரயரைத் தடவிப் பார். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்திருந்தால் காற்றுக் கூட. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, தடவும்போது ஒரு பக்கமாக அரம் மாதிரி அறுத்தால் சில்லு நேரில்லை. அங்கங்கே பள்ளம் பள்ளமாக இருந்தால் ஸொக் அப்சோபர் அல்லது தளர்ந்த புஷ். கார் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்றைப் பார், பிறகு பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கிறதா என்று டிரம்மைத் தொட்டுப் பார். குழியில் விழும்போது மட்டும் 'டொக்' என்றால் றப்பர் புஷ். ஸ்ரியரிங் பாரம் என்றால் காற்று, அதற்குப் பிறகு கிறீஸ்.

சில்லு நேர் பார்ப்பதற்கு இங்கே லேசர் கருவி இருக்கிறது. மாமாவிடம் இருந்தது மேசன் நூல். பின்சில்லில் இருந்து முன்சில்லுக்கு நூல் பிடித்து, முன்சில்லு இரண்டும் முன்னால் கொஞ்சம் உள்நோக்கி இருக்கும்படி வைப்பார். மைனருக்கு அந்தக் கணக்கு ஒரு அங்குலத்தில் 32இல் 3 பங்கு. அந்த நூலில் அவர் வைத்த காரை நான் பிறகு லேசரில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன். சரியாகத்தான் இருந்திருக்கும்.

கிறீஸ் அடிப்பது என்னுடைய பொறுப்பு. ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று கீழே ஒன்று, மொத்தம் நான்கு நிப்பிள். 1,000 மைலுக்கு ஒருக்கால் என்பது அவருடைய சட்டம். சில்லைத் தூக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பாரம் மரையில் இருந்தால் பாரம் தாங்குகிற பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. அடிக்கும்போது ஸ்ரியரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் திருப்ப வேண்டும். பழைய அழுக்குக் கிறீஸ் பிதுங்கி வெளியே வந்து, பிறகு புதுக்கிறீஸ் வரும் வரைக்கும் அடிக்க வேண்டும்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்க, வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டியலில். யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதை உங்களுக்குத் தெரியும். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், சேலைன் குழாய் வழியாகக் காபரேற்றருக்கு நாலு சொட்டு. எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் புகை மணத்தை இன்றைக்கும் நினைத்தால் மூக்கில் வரும். எஞ்சின் ஓடிய கதையைப் பலர் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். சில்லின் கதையை ஒருவரும் எழுதவில்லை. எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். சில்லு விழுந்தால் தள்ளவும் முடியாது.

மாமா பழைய கார்களின் கீழ்மரையைக் கழற்றித் துணியில் சுற்றி வைப்பார். லேத்தில் கொடுத்துக் கடைவதற்கும் கரண்ட் இல்லை. கிறீஸ் டின் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஒரு விரல் கிறீஸ் என்றாலும் கணக்குப் பார்க்க வேண்டிய நிலை.

1995 யூலையோ ஓகஸ்ற்றோ, சரியாக நினைவில்லை. இடது கீழ் நிப்பிளுக்கு அடிக்கும்போது கிறீஸ் உள்ளே போகாமல் வெளியே பிதுங்கியது. நிப்பிள் அடைத்துவிட்டது. செய்யவேண்டியது சின்ன வேலை. நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, கம்பியால் குத்தித் துப்புரவாக்கிப் பூட்ட வேண்டும். அன்றைக்கு ரியூசன் இருந்தது. எனக்குப் பதினைந்து வயது, சாதாரண தரப் பரீட்சை ஆண்டு. வெளியே பிதுங்கிய கிறீஸைத் துணியால் துடைத்துவிட்டு "நாலுக்கும் அடிச்சாச்சு மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அடுத்த முறை பார்க்கலாம் என்று நினைத்தேன். அடுத்த முறையும் அப்படியே.

ஒக்ரோபர் 30. வலிகாமத்தை விட்டு எல்லோரையும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தல். அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் ஏலாது. அவவை மைனரின் பின் சீற்றில் படுக்க வைத்தோம். பொனற்றுக்கு மேலேயும் கூரையிலும் சாமான். அரிசி மூட்டை, தண்ணிப் பானை, மாமாவின் ஆயுதப் பெட்டி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர். மாமா மிச்சமிருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் ஊற்றினார். செம்மணி வீதியில் இலட்சக்கணக்கான சனம். மழை. சைக்கிள், மாட்டுவண்டி, லாண்ட் மாஸ்ரர், கால்நடை. மணிக்கணக்காக எறும்பு வேகம். கார் ஒரு முழம் போய் நிற்கும். முன்னால் விழுந்து கிடந்த ஒரு சைக்கிளை விலத்த மாமா ஸ்ரியரிங்கை முழுக்க வளைத்தார்.

சத்தம் கூடப் பெரிதாக இல்லை. 'டொங்' என்று ஒன்று. காரின் இடது மூலை அப்படியே குந்திவிட்டது. நான் இறங்கி அரிக்கன் லாம்பைப் பிடித்துப் பார்த்தேன். சில்லு மடிந்து கிடந்தது. பின்னில் மரை இருந்த இடம் மழமழ என்று இருந்தது.

மாமா பெட்டியைத் திறந்து துணியில் சுற்றிய கீழ்மரையை எடுத்தார். ஒன்றுதான் இருந்தது. அது வலது பக்கத்தது. மைனரில் இடதும் வலதும் மரை எதிரெதிர்த் திசை. ஒன்றை மற்றதில் பூட்ட முடியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்குள் நின்ற அவருடைய முகத்தை மறக்க முடியாது. பின்னால் வந்த சனத்துக்கு வழி விடுவதற்காக, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மைனரைத் தூக்கி ஓரத்தில் தள்ளினார்கள். அம்மம்மாவைக் கதிரையில் வைத்து நாவற்குழி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு லாண்ட் மாஸ்ரர்காரர் ஏற்றினார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். 1996 பெப்ரவரியில் அம்மம்மா அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கண்ணை மூடினா. நனைந்ததால் வந்த சளி என்றார்கள், வயது என்றார்கள். கார் என்று ஒருவரும் சொல்லவில்லை. திரும்பிப் போனபோது மைனர் அங்கே இல்லை.

நான் 1999இல் இங்கே வந்தேன். கார் தொழில்தான் தெரியும், அதையே பிடித்துக்கொண்டேன்.

இந்த நாட்டில் எம்.ஓ.ரி சோதனை இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் திட்டித் திட்டிக் காசு கட்டுகிறோம். அது 1960இல் தொடங்கியபோது, பத்து வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு மூன்றே மூன்று விடயம்தான் பார்த்தார்கள். பிரேக், லைற், ஸ்ரியரிங். 1967இல் மூன்று வயதுக் காருக்கும் வேண்டும் என்றாக்கினார்கள். அதனால் எத்தனையோ தேய்ந்த கீழ்மரைகள் நடுவீதியில் விழாமல் கராஜிலேயே பிடிபட்டன. இங்கே ஒரு கிறீஸ் நிப்பிளுக்கும் அரசாங்கம் காவல் நின்றது. அதே காரை வைத்திருந்த எங்களுக்குக் கிறீஸே தடைசெய்யப்பட்ட உலகம்.

2018 மேயில் இருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு எம்.ஓ.ரி கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் பிள்ளை மாதிரிப் பார்ப்பார்கள், ஓட்டமும் குறைவு என்பது நியாயம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கடைசி மைனருக்கே 50 வயது தாண்டிவிட்டது. ஆகவே இப்போது ஒரு மைனரின் கீழ்மரையையும் கட்டாயம் பார்க்க வேண்டியவர் எவரும் இல்லை. ஓட்டம் குறைந்தால் கிறீஸ் அடிப்பதும் மறந்துபோகும். நிற்கிற காரிலும் தண்ணி உள்ளே போகும். இந்தச் சலுகை பிழை என்பதுதான் என் கருத்து. அந்த முதியவர் தன் காரை மிகவும் நேசிக்கிறார். பொனற்றில் முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். கீழே கை விட்டுப் பார்க்க அவருக்கு முதுகு விடாது. அவ்வளவுதான்.

அவருடைய காரில் அலவாங்கு கொடுத்து நெம்பினேன். 'டக்' என்றது. இடது பின்னும் கீழ்மரையும் புதிது போட்டேன். மைனருக்கு இந்த நாட்டில் அநேகமான சாமான்கள் புதிதாகக் கிடைக்கும். இரண்டு நாளில் தபாலில் வந்தது. அந்தப் பெட்டியைத் திறந்து அந்தச் சின்ன இரும்புக் கட்டையைக் கையில் எடுத்தபோது, செம்மணி வீதியில் இது ஒன்று இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. இடது பக்கத்தது.

அன்றிரவு மாமாவுக்கு எடுத்தேன். கொக்குவிலில்தான் இருக்கிறார், கராஜ் மூடிக் கன காலம். சுகம் விசாரித்து, மைனர் வந்த கதை சொல்லி, பிறகு சொல்லிவிட்டேன். நிப்பிள் அடைத்திருந்தது, துடைத்துவிட்டுப் போனேன், பொய் சொன்னேன் என்று எல்லாம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"ஸ்ரியரிங் பாரமாத்தானே இருந்தது" என்றார். "ஒரு மாசமா எனக்குக் கையில தெரிஞ்சது தம்பி. ஓடினது நான்தானே. கழட்டினா மரை போச்செண்டு தெரியவரும், போட வேற மரை இல்லை. இடதுபக்கத்தது கிடைக்கட்டும், பிறகு பாப்பம் எண்டு நானும் விட்டிட்டன்."

"அப்ப ஏன் மாமா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவருக்குச் சொல்லிவிடு, ஆயிரம் மைலுக்கு ஒருக்கால். தூக்கிப்போட்டு அடிக்கோணும்" என்றார்.

சொல்லிவிட்டேன். ஒரு கடதாசியில் எழுதியும் கொடுத்தேன். காரை எடுக்க வந்தபோது, இதைச் செய்தவர் யார் தெரியுமா என்று இசிகோனிசின் ஸ்மிர்னாக் கதையையும் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. ஐம்பது வருடமாக ஓடுகிறேன், அகதி ஒருவர் செய்த கார் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்றார்.

இன்றைய கார்களில் நிப்பிள் இல்லை, மூடிய போல் ஜொயின்ற்தான். அதுவும் தேயும், அதுவும் கழரும். அதன் றப்பர் கிழிந்தால் கதை அதேதான். உங்கள் ஸ்ரியரிங் பாரமாகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா, குழியில் 'டொக்' என்கிறதா? அடுத்த எம்.ஓ.ரிக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். இந்தச் சனிக்கிழமையே ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டுங்கள்.